பேர் மட்டும்தான் அவளுது

உக்காருங்க சார், உக்காருங்க. அது என் பைதான், கீழ வச்சிடுறேன். கோலக் கெடா ஃபெர்ரிதானே? இன்னும் நேரமாகுமாம். எஞ்சின்ல ஏதோ கோளாறுன்னு இப்பத்தான் மைக்ல சொன்னாங்க. தமிழ் ஆளுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. எந்த ஊரு? சுங்கை பட்டாணியா? நல்ல ஊரு. நான் கிள்ளான். பேரு சபாபதி. இந்த லங்காவியில படகுக்காரங்ககிட்ட கேப்டன் சபாபதின்னு கேட்டுப் பாருங்க, தெரியும்பாங்க.

கேப்டன் தொப்பியைப் பார்க்கிறீங்க இல்ல? எல்லாரும் பார்ப்பாங்க. இது நான் வாங்கினது இல்ல. ரிட்டயர் ஆன அன்னைக்கு ஆபீஸ்ல கொடுத்தது. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கொடுத்தாங்க. சந்தோஷம்னா சிரிக்கத்தானே செய்வாங்க.

அந்தக் கண்ணாடி வழியா பாருங்க. கழுகுச் சிலைக்கு இந்தப் பக்கம் நாலஞ்சு பாய்மரப் படகு நிக்குதில்ல? நீலக் கோடு போட்டது, கம்பத்துக்குக் கீழ துணி காயுதே, அது நம்மளோடது. படகு பேரு புஷ்பவதி. என் சம்சாரம் பேரும் அதுதான். அவ பேரைத்தான் வச்சேன். இப்பவும் உள்ளதான் இருக்கா.

சொந்தப் படகு வச்சுக்கிட்டு ஏன்யா ஃபெர்ரியில போறேன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்வி. அதைத்தான் சொல்ல வர்றேன்.

நான் போர்ட் கிள்ளான்ல ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில டாக்குமென்ட் மேனேஜர். ரோட்டர்டாம் போற கப்பலா இருக்கட்டும், டர்பன் போற கப்பலா இருக்கட்டும், என் கையெழுத்து இல்லாம ஒரு பெட்டி ஏறாது. வாழ்க்கை பூரா கப்பல்தான். கடல்ல போனீங்களான்னு கேக்காதீங்க. எல்லாரும் அதையே கேக்குறாங்க. டாக்டருக்கு எல்லா வியாதியும் வந்தா வைத்தியம் பார்க்கிறாரு?

ரிட்டயர் ஆனதும் ஒரு டச்சுக்காரர்கிட்ட இந்தப் படகை வாங்கினேன். அவருக்கு முதுகு போயிடுச்சு, ஊருக்குப் போகணும்னு நின்னாரு. பதிவு பண்றப்ப குருக்கள்கிட்ட கேட்டேன். என் ராசிக்கு அந்த வருஷம் வாகன யோகம் இல்ல, சம்சாரம் பேர்ல வாங்குங்கன்னுட்டாரு. சரின்னு அவ பேர்லயே பதிஞ்சேன். பேர்தானே.

அவகிட்ட தீபாவளிக்கு முந்தின நாள்தான் சொன்னேன். முறுக்கு சுட்டுக்கிட்டிருந்தா. போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் கேட்டா, "இதுல அடுப்பு எங்க இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டா, சார். அடுப்பு எங்க இருக்கு. நான் அவளுக்காகத்தான் இவ்வளவும் பண்ணினேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து வீட்டுக்குள்ளயே கிடந்தவ. பாவம், நாலு தீவு பார்க்கட்டும், காத்து வாங்கட்டும்னு நெனச்சேன். அந்த நெனப்புக்குக் கிடைச்ச பலனைத்தான் இப்ப இந்த பெஞ்சுல உக்காந்து அனுபவிச்சுக்கிட்டிருக்கேன்.

முதல் நாளே சட்டம் போட்டுட்டேன். மேல்தளம் என் பொறுப்பு, கீழ்த்தளம் உன் பொறுப்பு. பாய், சுக்கான், நங்கூரம், மேப்பு, ரேடியோ எல்லாம் நான். சமையல், தண்ணி, துணி, படுக்கை, கக்கூஸ் பம்பு எல்லாம் நீ. எஞ்சின் சாவி என் சட்டைப் பையில. ஒரு கப்பல்ல ரெண்டு கேப்டன் இருக்கக் கூடாது பாருங்க.

படகுல வாழ்றது ஒண்ணும் படத்துல பார்க்கிற மாதிரி இல்ல. காலையில எந்திரிச்சதும் ரேடியோவுல வானிலை கேக்கணும், நங்கூரம் நேத்து போட்ட இடத்துலயே இருக்கான்னு பார்க்கணும். நான் மேல போய் ஒரு சுத்துப் பார்வை பார்ப்பேன். அப்புறம் பசியாறுவேன். அதோட என் வேலை ஓரளவு முடிஞ்சிடும். அவளுக்குத்தான் அப்பப்ப ஏதாவது இருந்துக்கிட்டே இருக்கும். அடுப்பு தொட்டில் மாதிரி ஆடும். சட்டி ஆடாது, அவ ஆடுவா. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சா. சாரோங் துணியை இடுப்புல சுத்தி அலமாரிப் பிடியில கட்டிக்கிட்டு நின்னு தாளிப்பா. அட்டைப் பெட்டியில கரப்பான் முட்டை இருக்கும்னு சாமானை எல்லாம் கரையிலயே பிரிச்சு துணிப்பையில போட்டுக்கிட்டு வருவா. மழை வந்தா நான் உள்ள ஓடுவேன், அவ வெளிய ஓடுவா. தார்ப்பாயில விழுற தண்ணியைக் குழாய் வச்சு டிரம்முல பிடிக்கணுமே. கறிவேப்பிலைச் செடி ஒண்ணு தொட்டியில வச்சிருந்தா. அதுக்கு உப்புக் காத்து ஆகாதுன்னு ஈரத்துணி போட்டு மூடி வைப்பா. எனக்குக் கூட அப்படி ஒரு போர்வை போர்த்தினதில்ல.

எனக்கு ஒரு பித்தம் உண்டு. கடல்ல கொஞ்சம் அலை இருந்தா தலை சுத்தி வாந்தி வரும். கடல் நோய்னு சொல்லுவாங்க மத்தவங்களுக்கு. எனக்கு அது இல்ல, பித்தம். அம்மா வழியில வந்தது. அந்த நேரத்துல மட்டும் சுக்கானை அவகிட்ட கொடுத்துட்டுக் கீழ படுத்துக்குவேன். சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்கத்தானே, யார் வேணா செய்யலாம். ஆனா படுத்துக்கிட்டே ஆர்டர் கொடுத்துக்கிட்டிருப்பேன். "இடது பக்கம் போ! பாயை இழு!" அவ சரி சரின்னு செய்வா. காத்துச் சத்தத்துல எல்லாம் கேட்டிருக்குமான்னு தெரியல. ஆனா படகு போக வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ஆர்டர் சரியா இருந்தா அப்படித்தான்.

இப்படியே தாய்லாந்துப் பக்கம் தீவு தீவா போனோம். அங்கதான் அந்த பிர்கிட் வந்து சேர்ந்தா. டென்மார்க்காரி. புருஷன் செத்துப் போயிட்டாரு, அவ தனியா படகு ஓட்டிக்கிட்டுத் திரியுறா. நாங்க நங்கூரம் போடுற இடமெல்லாம் அவளும் போடுவா. மத்தியானமானா எங்க படகுக்கு வந்துடுவா. இவ ரசம் கொடுப்பா, அவ கேக்கு கொடுப்பா. இவ இங்கிலீஷும் அரைகுறை, அவ இங்கிலீஷும் அரைகுறை. என்னதான் பேசுவாங்களோ! ரெண்டு பேரும் கயித்தை வச்சுக்கிட்டு முடிச்சுப் போடுறதும் அவுக்கிறதும், ஏதோ கோயில் வாசல்ல பூக் கட்டுற மாதிரி. நான் கொஞ்சம் கண்ணசருவேன். முழிச்சுப் பார்த்தா பிர்கிட் படகைச் சுத்தி வந்து இவகிட்ட எதையோ காட்டிக்கிட்டிருப்பா. பொம்பளைங்க பொழுதுபோக்குன்னு விட்டுட்டேன். அங்கதான் தப்பு நடந்துச்சு. அந்தப் பழக்கத்தை முளையிலேயே கிள்ளியிருக்கணும்.

பங்குனி முடியிற நேரம். ஒரு சின்னத் தீவு. வெள்ளை மணல், முன்னாடி கடல், ரெண்டு பக்கமும் பாறை. நான்தான் நங்கூரம் போட்டேன். காலையில இவ சொன்னா, "சங்கிலி பத்தாதாம், இன்னும் கொஞ்சம் விடணுமாம், பிர்கிட் சொல்றாங்க." நான் சொன்னேன், "எத்தனை கப்பலுக்கு நான் பேப்பர் போட்டிருக்கேன், எனக்கு நங்கூரம் தெரியாதா? நீ இட்லிக்கு மாவு இருக்கான்னு பாரு."

பசியாறிட்டு ரப்பர் படகை எடுத்துக்கிட்டுக் கரைக்குப் போனேன். அங்க மணல்ல ஒரு கோப்பிக் கடை. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி உக்காந்திருந்தாங்க. பேச்சு கொடுத்தேன். அவங்களுக்குப் படகைப் பத்தி ஒண்ணும் தெரியல. சரின்னு சீனி டப்பாவையும் கரண்டியையும் வச்சு, நங்கூரம் எப்படித் தரையைப் பிடிக்கும்னு விளக்கிக்கிட்டிருந்தேன். தென்மேற்குல வானம் கறுத்துக்கிட்டு வந்தது. சுமாத்ரா காத்து தெரியுமில்ல, திடீர்னு வந்து அறையுமே, அது. அந்தப் பொண்ணு கடலைக் காட்டி, "சார், உங்க படகு நகருதே?"ன்னா. நங்கூரம் போட்ட படகு கொஞ்சம் ஆடத்தான் செய்யும்மா, அதுதான் இயற்கைன்னு சொல்லிக்கிட்டிருக்கும்போதே, கடைக் கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு.

ஓடினேன். தண்ணியில முட்டி வரைக்கும் இறங்கிட்டேன். படகு பின்பக்கமா பாறையை நோக்கிப் போகுது. நங்கூரம் சும்மா தரையைக் கீறிக்கிட்டு வருது. அது நங்கூரம் போட்ட முறையில குத்தம் இல்ல, மணல் சரியில்ல. ரப்பர் படகை அலை தூக்கிக் கவுத்துடுச்சு. நான் கையை ஆட்டிக் கத்துறேன். "எஞ்சினைப் போடு! எஞ்சினைப் போடு!" அப்புறம்தான் சட்டைப் பையில கை வச்சேன். சாவி.

அப்ப ஒரு வேலை செஞ்சா பாருங்க. முன்னாடி தவழ்ந்து போனா. சங்கிலியைத் தூக்கப் போறான்னு நெனச்சேன். அந்தக் காத்துல அவளால தூக்க முடியாது. தூக்கல. சங்கிலி முனையில ஒரு மிதவையைக் கட்டி, அப்படியே மொத்தத்தையும் கடல்ல விட்டுட்டா! என் நங்கூரத்தை! என் சங்கிலியை! நான் கரையில நின்னு தலையில அடிச்சுக்கிறேன். பாறைக்கும் படகுக்கும் நடுவுல இந்த பெஞ்சு அளவுகூட இடம் இல்ல. முன்பாயைக் கொஞ்சமே கொஞ்சம், ஒரு கைக்குட்டை அளவு விரிச்சா. ஓடி வந்து சுக்கானைப் பிடிச்சா. படகு ஒரு பக்கம் சாஞ்சுச்சு. அப்படியே சாஞ்சபடியே பாறையை உரசுற மாதிரி வெட்டி வெளிய போச்சு. நான் "வலது! வலது!"ன்னேன். அவ இடது போனா. சொன்னதைக் கேக்கல.

அப்புறம் மழை இறங்கிடுச்சு. படகு தெரியல. கடலே தெரியல.

நான் பயப்படல, சார். மணல்ல உக்காந்துட்டேன், அவ்வளவுதான். அந்த வெள்ளைக்காரர் வந்து தோள்ல துண்டைப் போட்டு, அழாதீங்கன்னாரு. மழைத் தண்ணின்னு சொன்னேன். அவருக்கு விளங்கல.

காத்து நின்னதும் பிர்கிட் வந்தா. அவ படகு நின்ன இடத்துலயே கல்லு மாதிரி நின்னிருந்தது. அவளோட ரப்பர் படகுல என்னை ஏத்திக்கிட்டுத் தீவைச் சுத்திப் போனா. கிழக்குப் பக்கம் காத்தே படாத ஒரு மடக்கு. அங்க நம்ம படகு. ரெண்டாவது நங்கூரத்தைப் போட்டு, பாயைச் சுருட்டி, ஈரத்துணியைப் பிழிஞ்சு காயப் போட்டுக்கிட்டிருக்கா. பிர்கிட் அதைப் பார்த்துக் கைதட்டினா. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

ஏறினதும் கேட்டேன். "யாரைக் கேட்டு நங்கூரத்தை விட்டே?"

"கேக்க யாரும் இல்லீங்க."

"சாவிகூட இல்லாம படகை எடுக்கலாமா? தைரியம்தான்!"

"சாவி இருந்திருந்தா எஞ்சினைப் போட்டிருப்பேன்."

எப்படிப் பேசுறா பாருங்க! அதோட விடல, சிரிக்க ஆரம்பிச்சா. நின்னு சிரிக்கிறா, உக்காந்து சிரிக்கிறா, கண்ல தண்ணி வர சிரிக்கிறா. பிர்கிட்டும் சேர்ந்து சிரிக்கிறா. அதிர்ச்சி, மூளை கலங்கிடுச்சுன்னு நெனச்சேன். அதிர்ச்சிக்குச் சூடா இனிப்பா எதாவது குடிக்கணும்னு தெரியும். "போய் ஒரு மைலோ கலக்கிக் குடி, எனக்கும் ஒண்ணு கொண்டா"ன்னேன். அதுக்கும் சிரிச்சா.

மறுநாள் மிதவையைக் கண்டுபிடிச்சு நங்கூரத்தை எடுத்துட்டோம். அது வேற விஷயம். ஆனா அன்னையில இருந்து எல்லாம் தலைகீழ். மத்த படகுக்காரங்க ரேடியோவுல "புஷ்பவதி, புஷ்பவதி"ன்னு கூப்பிடுவாங்க. நான் எடுத்து, "கேப்டன் பேசுறேன்"னு சொன்னா, "இல்ல, கேப்டனைக் கூப்பிடுங்க, அந்த அம்மாவை"ம்பாங்க. வானிலை சொல்றவங்க, காத்து எப்படி இருக்குன்னு அவகிட்ட கேக்குறாங்க. அவளும் கடலை ஒரு பார்வை பார்த்துட்டு, "சாயந்திரத்துக்கு மேல திரும்பும்"னு சொல்றா. திரும்பிடுது! அவ சொன்னதால திரும்புமா? அது திரும்புற காத்து, திரும்புது.

அவளுக்கு முட்டி வலின்னு எத்தனை வருஷம் தைலம் வாங்கிக் கொடுத்திருக்கேன் தெரியுமா? பத்துமலை முருகன் கோயில் படி ஏற மாட்டா, கீழயே நின்னு கும்பிடுவா. இங்க பாய்மரத்துல பாதி ஏறி நின்னு கயிறு மாத்துறா. வலி எங்க போச்சுன்னு கேட்டேன். யோசிச்சுப் பார்த்துட்டு, "தெரியலீங்க, அங்க இருந்தப்ப இருந்துச்சு"ன்னா. பொம்பளைங்க வலியை எல்லாம் நம்பக் கூடாது, சார்.

எனக்காகக் காத்திருந்து சாப்பிடுறதும் நின்னு போச்சு. பசிச்சா சாப்பிடுறா. "உங்களுது மூடி வச்சிருக்கேன்"ங்கிறா.

இதுக்கு மேல படகு வேண்டாம்னு முடிவு பண்ணினேன். குடும்பம் முக்கியமில்லையா. லங்காவி வந்ததும் ஆள் பார்த்தேன். ஒரு ஆஸ்திரேலியாக்காரர் வாங்குறேன்னு படகைப் பார்க்க வந்தாரு. இவ அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. படகு பூரா சுத்திக் காட்டினா. எந்தப் பாய் எங்க தச்சது, எந்தப் பம்பு எப்ப மாத்தினது, ஒண்ணு விடாம சொன்னா. ஆளு அசந்து போயிட்டாரு. வியாபாரம் முடிஞ்சுதுன்னு நான் கையைத் துடைச்சுக்கிட்டுக் கை குலுக்க எந்திரிக்கிறேன். அப்பச் சொல்றா, "நல்ல படகுதாங்க. விக்கிறதுக்கு இல்ல."

அவர் போனதும் கேட்டேன், "என்னடி இது? பேர் மட்டும்தானே உன்னுது?"

"ஆமா, பேர் என்னுதுதான்"னா. கோபமா சொல்லல, சார். கோபமா சொல்லியிருந்தா நான் ஒரு வழி பண்ணியிருப்பேன். சாதாரணமா, வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னா. "பிர்கிட்டும் நானும் வடக்கே போறோம். அங்க தீவுங்க நல்லா இருக்குமாம். ஆடி மாசக் காத்துக்கு முன்னாடி ஒரு பத்திரமான இடத்துல போய் நின்னுக்குவோம்."

"அப்ப நானு?"

"நீங்களும் வாங்க. வர வேணாம்னு யாரு சொன்னா? ஆனா சாவி என்கிட்ட இருக்கட்டும். பாத்திரம் கழுவுறது உங்களுது."

பாத்திரம்! என்னைப் பார்த்து! ஒரு மேனேஜரா இருந்தவனைப் பார்த்து! மகளுக்குப் போன் போட்டு முறையிட்டேன். சுபாங்ல இருக்கா. அவ என்ன சொல்றா, "அம்மா அனுப்புற போட்டோவெல்லாம் பார்க்கிறேன்ப்பா, அம்மாவா இதுன்னு இருக்கு"ங்கிறா. அதைத்தானே நானும் சொல்றேன்? நான் சொன்னா குத்தம்.

சரி, நான் கிள்ளானுக்குப் போறேன்னு பையைத் தூக்கினேன். போகாதீங்கன்னு சொல்லுவான்னு பார்த்தேன். ரப்பர் படகுல ஏத்திக் கொண்டாந்து இந்தப் படகுத்துறையில விட்டா. மாத்திரையை எல்லாம் பைக்குள்ள வலது பக்கம் வச்சிருக்கேன்னா. தொப்பியை நேரா வச்சு விட்டா. போயிட்டா. திரும்பிப் பார்த்தாளான்னு தெரியல, வெயில் கண்ணைக் கூசிச்சு.

நான்தான் அனுமதி கொடுத்தேன்னு வச்சுக்குங்களேன். கொஞ்ச நாள் இருந்து பார்க்கட்டும். ஒரு மழைக்கு ஓடி வந்துடுவா.

அதோ, மைக்ல சொல்றாங்க. உங்க ஃபெர்ரிதான். போங்க, போங்க, வரிசை நீளமா இருக்கு.

நானா? நான் அடுத்ததுல வர்றேன். அவசரம் ஒண்ணும் இல்ல. நேத்து ஒரு ஈப்போக்காரர்கிட்ட இப்படித்தான் பேசிக்கிட்டிருந்தேன், பாதியில ஃபெர்ரி வந்துடுச்சு, அவர் போயிட்டாரு. அதுக்கு முந்தின நாள் அலோர் ஸ்டார்ல இருந்து ஒரு டீச்சரம்மா. டிக்கெட் கவுண்டர்ல இருக்கிற மலாய்க்காரப் பொண்ணு தங்கமான பொண்ணு. நான் போய் நின்னாலே தேதியை மாத்திக் கொடுத்துடும். ஒண்ணும் கேக்காது. பின்னாலயே ஒரு ஓட்டல், ரூம் சுமார்தான். ஜன்னலைத் திறந்தா படகு தெரியும். பிர்கிட் இன்னும் சாமான் ஏத்தி முடிக்கல. நாளைக்கோ மறுநாளோதான் கிளம்புவாங்க போல இருக்கு.

சார், ஒரு நிமிஷம். போற அவசரத்துல நிறுத்துறேன்னு நெனைக்காதீங்க. உங்க வீட்ல பாத்திரம் யாரு கழுவுறது? இல்ல, சும்மாதான் கேக்குறேன். படகுல நல்ல தண்ணி சிக்கனம், கடல் தண்ணியை மொண்டுதான் கழுவணும். காலையில ஓட்டலுக்குப் பக்கத்துக் கடையில போய் நின்னேன். பச்சை, மஞ்சள்னு விதவிதமா அடுக்கி வச்சிருக்கான். எதை எடுக்குறதுன்னே தெரியல.

உப்புத் தண்ணியில எந்த சோப்பு நுரைக்கும், சார்?